லண்டன் – பாரிஸ்: தூரம் எவ்வளவு, பறக்கும் நேரம் எவ்வளவு, வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனிலிருந்து பாரிசுக்கு விமானத்தில் 1 மணி 20 நிமிடம். ரயிலில் 2 மணி 20 நிமிடம். இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து டிக்கெட் எடுப்பவர்கள் பெரும்பாலும் தவறாகத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பயணத்தில் எத்தனை மணி நேரம் போகும் என்பதைத் தீர்மானிப்பவை வீட்டிலிருந்து நிலையம் வரையான வழி, பாஸ்போர்ட் வரிசை, இறங்கியபின் ஊருக்குள் போகும் வழி ஆகிய மூன்றும்தான். கீழே உள்ள பதில்கள் அந்தக் கணக்கோடு எழுதப்பட்டவை.

லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே எவ்வளவு தூரம்?

நேர்கோட்டில் 344 கி.மீ. லண்டனில் சேரிங் கிராஸ், பாரிசில் நோத்ர்தாம் தேவாலய முன்றில் ஆகிய இரண்டு இடங்களுக்கும் இடையே அளந்த தூரம் இது. அந்தந்த நகரத்திலிருந்து சாலைத் தூரத்தை எண்ணத் தொடங்கும் புள்ளிகளும் இவையே.

ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு எண் போட்டிருக்கிறார்களே, எது சரி?

பெரும்பாலும் எல்லாமே சரி. அளக்கும் பொருள்தான் வேறு. 214 என்று இருந்தால் அது மைல், 344 கி.மீ.தான். 188 என்று இருந்தால் அது கடல் மைல்; லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பாரிசின் சார்ல் து கோல் விமான நிலையம் வரையான 348 கி.மீ. 460 என்ற அளவில் இருந்தால் சாலைவழி. 492 என்று இருந்தால் லண்டன் – பாரிஸ் ரயிலான யூரோஸ்டார் ஓடும் தண்டவாளத்தின் நீளம். ஒரு மைல் 1.609 கி.மீ., ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

விமான நிலையங்களுக்கு இடையேயான தூரம்?

ஹீத்ரோ – சார்ல் து கோல் 348 கி.மீ. கேட்விக் – சார்ல் து கோல் 308 கி.மீ. லூட்டன் – சார்ல் து கோல் 380 கி.மீ. பாரிசின் தெற்கே உள்ள ஓர்லி நிலையத்துக்கு என்றால் ஹீத்ரோவிலிருந்து 367, கேட்விக்கிலிருந்து 327 கி.மீ. எல்லாம் நேர்கோட்டுத் தூரம்.

கேட்விக் லண்டனுக்குத் தெற்கே, கடற்கரைப் பக்கமாக இருப்பதால் பாரிசுக்கு மிக அருகில் உள்ளது அதுதான். ஆனால் 40 கி.மீ. குறைவு என்பது வானத்தில் மூன்று நான்கு நிமிடம்தான். அதை வைத்து நிலையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பாரிஸ் போவே என்ற பெயரில் இன்னொரு நிலையம் இருக்கிறது. பெயரில்தான் பாரிஸ், நகரத்திலிருந்து சுமார் 85 கி.மீ. வடக்கே தள்ளி இருக்கிறது. எந்த ஊரிலிருந்து பாரிசுக்குப் பறந்தாலும், மலிவான டிக்கெட்டைக் கண்டதும் இறங்கும் நிலையம் போவேயா என்று ஒருமுறை பாருங்கள்.

விமானப் பயணம் எவ்வளவு நேரம்?

அட்டவணையில் 1 மணி 15 முதல் 1 மணி 25 நிமிடம் வரை இருக்கும். சக்கரம் தரையை விட்டு எழும்பி மறுபடி தரையைத் தொடும் வரை கணக்கிட்டால் சுமார் 45 முதல் 55 நிமிடம். விமானி “பறக்கும் நேரம் ஐம்பது நிமிடம்” என்று அறிவிப்பதும், டிக்கெட்டில் 1:20 என்று இருப்பதும் இதனால்தான். டிக்கெட்டில் உள்ளது, விமானம் கேட்டிலிருந்து பின்னோக்கி நகரும் நொடியிலிருந்து, அந்தப் பக்கத்துக் கேட்டில் நிற்கும் நொடி வரையான நேரம்.

348 கி.மீ. தானே? மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் போனால் 25 நிமிடம் போதுமே?

கணக்கு சரி. ஆனால் அந்த வேகத்தில் விமானம் போவது சில நிமிடங்கள்தான். ஒரு ஏர்பஸ் ஏ320 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீத்ரோவில் கேட்டிலிருந்து ஓடுபாதை முனைக்கு உருண்டு போய், முன்னால் நிற்பவை எல்லாம் கிளம்பும் வரை காத்திருக்க 15 முதல் 20 நிமிடம். அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்ப வேண்டும். அதனால் தென்கிழக்கே இருக்கும் பாரிசுக்குப் போகிற விமானம் முதலில் மேற்கு நோக்கிக் கிளம்பி, பிறகு தெற்கே திரும்பி, சசெக்ஸ் கடற்கரையைத் தாண்டி, இங்கிலீஷ் கால்வாயைக் கடந்து, டியெப் பக்கமாக பிரான்சுக்குள் நுழைகிறது. நேர்கோட்டை விடச் சில பத்து கி.மீ. கூடுதல்.

10,000 அடிக்குக் கீழே வழக்கமான வேக வரம்பு 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ. ஏறும்போதும் இறங்கும்போதும் இந்த வரம்பு உண்டு. மேலே போய் சீட் பெல்ட் விளக்கு அணைந்து, தண்ணீர் கொடுத்து முடிப்பதற்குள் இறக்கம் தொடங்கிவிடும். சார்ல் து கோலில் நான்கு ஓடுபாதைகள், இரண்டு இரண்டாக அடுத்தடுத்து இருக்கின்றன. வெளிப்பக்க ஓடுபாதையில் இறங்கினால், உள்பக்க ஓடுபாதையைக் குறுக்கே கடக்க அனுமதி வரும் வரை நிற்க வேண்டும். அதற்கும் சேர்த்துக் கேட்டுக்கு வர இன்னொரு 10 நிமிடம்.

தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் சொல்லும் கணக்குக் கருவிகள் நீண்ட பயணத்துக்கு ஓரளவு சரியாக வரும். இவ்வளவு குறுகிய வழிக்கு அவை உதவாது.

திரும்பி வரும்போது நேரம் கூடுகிறதா?

மேல்காற்று மேற்கிலிருந்து வருவதால் லண்டன் நோக்கி வரும்போது கொஞ்சம் எதிர்க்காற்று. இந்தத் தூரத்துக்கு அது சில நிமிடங்களுக்கு மேல் போகாது. தாமதம் வருவது வேறு இடத்தில்: ஹீத்ரோவில் இறங்க வரும் விமானங்களை வானத்தில் நான்கு இடங்களில் வட்டமடிக்க வைப்பார்கள். பாரிசிலிருந்து வருபவை வழக்கமாக நகரின் தென்கிழக்கே பிக்கின் ஹில் பக்கம் சுற்றும். ஒன்றன்மேல் ஒன்றாக 1,000 அடி இடைவெளியில் அடுக்கி நிற்க, கீழே உள்ளது இறங்கியதும் மற்றவை ஒவ்வொரு படியாக இறங்கும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 4 நிமிடம். அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்துத்தான் அட்டவணையில் நேரம் ஒதுக்குகிறார்கள். நெரிசல் இல்லாத நாளில் விமானம் 15 நிமிடம் முன்னதாகவே வந்து நிற்பதற்கும் இதுவே காரணம்.

நேர வித்தியாசம் எப்படி?

பாரிஸ் எப்போதும் லண்டனை விட 1 மணி நேரம் முன்னால். கோடை நேரம், குளிர்கால நேரம் இரண்டுக்கும் இரு நாடுகளும் ஒரே நொடியில் மாறுவதால் ஆண்டு முழுவதும் இந்த ஒரு மணி நேரம் மாறாது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் அச்சாகும். லண்டனில் 10:00 மணிக்குக் கிளம்பினால் பாரிசில் 12:20. பாரிசில் 10:00 மணிக்குக் கிளம்பினால் லண்டனில் 10:20. போகும்போது 2 மணி 20 நிமிடம் என்றும் வரும்போது 20 நிமிடம் என்றும் தோன்றும். இரண்டும் ஒரே 1 மணி 20 நிமிடம்தான். பாரிசில் இறங்கியதும் ஒருவரைச் சந்திக்க நேரம் குறிப்பவர்கள் இந்த ஒரு மணி நேரத்தை மறந்துவிடுவது நிறைய நடக்கிறது.

இந்த வழியில் விமானம் எப்போதிலிருந்து ஓடுகிறது?

1919 ஆகஸ்ட் 25 முதல். உலகின் முதல் அன்றாடப் பன்னாட்டு விமான சேவை இதுதான். இன்றைய ஹீத்ரோவுக்கு அருகிலுள்ள ஹவுன்ஸ்லோ ஹீத் திடலிலிருந்து ஒரு டி.எச்.4ஏ இருசிறகு விமானம் பாரிசின் லெ பூர்ஜே நிலையத்துக்குப் போனது. ஒரே ஒரு பயணி; கூடவே செய்தித்தாள்கள், டெவன்ஷயர் பாலேடு, காட்டுக்கோழி. பறந்த நேரம் சுமார் இரண்டரை மணி. இன்றைய ஜெட் அதில் பாதிக்கும் குறைவான நேரமே வானத்தில் இருக்கிறது.

வீட்டிலிருந்து வீட்டுக்குக் கணக்கிட்டால் விமானம் வேகமா, ரயில் வேகமா?

இரண்டு நகரங்களின் நடுப்பகுதிக்கும் என்றால் ரயில்தான், சந்தேகமே இல்லை. தமிழர்கள் அதிகம் போய்வரும் ஒரு வழியையே எடுத்துக்கொள்வோம்: கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமிலிருந்து பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பல்.

ரயிலில்: ஈஸ்ட் ஹாமில் ஹேமர்ஸ்மித் அண்டு சிட்டி லைன் ஏறினால் மாறாமல் கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்க்ரஸ் வரை சுமார் 35 நிமிடம். ரயில் கிளம்புவதற்கு 75 நிமிடம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். பயணம் 2 மணி 20 நிமிடம். கார் து நோர் நிலையத்தில் இறங்கினால் லாச்சப்பல் கடைத்தெருவுக்கு நடந்தே 10 நிமிடத்துக்குள் போகலாம். ஊருக்குள் வேறு வண்டி ஏறவே வேண்டாம். கூட்டினால் ஏறத்தாழ நாலரை மணி நேரம்.

விமானத்தில்: ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் வைட்சாப்பல், அங்கே எலிசபெத் லைன் மாறி ஹீத்ரோ; காத்திருப்பு சேர்த்து 1 மணி 20 நிமிடம். நிலையத்தில் ஒன்றரை முதல் 2 மணி நேரம். பறப்பது 1 மணி 20 நிமிடம். இறங்கி, பாஸ்போர்ட் பார்த்து, பெட்டி எடுத்து வெளியே வர 45 நிமிடம். ரயில் நிலையத்துக்கு நடந்து, டிக்கெட் எடுத்து, ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் கார் து நோர் வந்து சேர 50 நிமிடம். கூட்டினால் 6 மணி நேரத்தைத் தொடும்.

ஆனால் எல்லோரும் ஈஸ்ட் ஹாமிலிருந்து லாச்சப்பலுக்குப் போவதில்லை. ஹீத்ரோவுக்கு அருகே ஹவுன்ஸ்லோ, ஹேய்ஸ், சவுத்தால் பக்கம் வீடு இருந்து, போகிற இடம் வில்பான்ட், ஓல்னே சூ புவா போன்ற ஆர்.இ.ஆர். பி வழியில் உள்ள வடகிழக்குப் புறநகராக இருந்தால் ஹீத்ரோ – சார்ல் து கோல் விமானம் ரயிலுக்குச் சமமாகவோ கொஞ்சம் வேகமாகவோ வரும். கிராய்டன்காரர்களுக்குக் கேட்விக் பொருந்தும். ஈஸ்ட் கிராய்டனிலிருந்து அங்கே ரயிலில் 15 முதல் 20 நிமிடம்தான். நடு லண்டனிலோ கிழக்கு லண்டனிலோ இருந்துகொண்டு லூட்டன் போய்ப் பறப்பதற்கு, டிக்கெட் மிக மிக மலிவாக இருந்தாலொழிய, ஒரு நியாயமும் இல்லை.

ரயில் எப்படிக் கடலைக் கடக்கிறது? எவ்வளவு நேரம் சுரங்கத்துக்குள்?

கால்வாய்ச் சுரங்கம் 50 கி.மீ. நீளம், அதில் சுமார் 38 கி.மீ. கடலடியில். 1994 மே 6 அன்று திறந்துவைக்கப்பட்டது. வெளியே மணிக்கு 300 கி.மீ. வரை போகும் யூரோஸ்டார், சுரங்கத்துக்குள் 160 கி.மீ. வேகத்தில்தான் போகும். ஏறத்தாழ 20 நிமிடம் இருட்டு. காது கொஞ்சம் அடைப்பது போல் இருக்கும். எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். செயின்ட் பாங்க்ரஸுக்கு மாறியது 2007 நவம்பர் 14 அன்று. அதற்கு முன் வாட்டர்லூவிலிருந்து ஓடியது. வழியில் இருந்த எப்ஸ்ஃபிளீட், ஆஷ்ஃபோர்டு நிலையங்களில் 2020க்குப் பிறகு நிற்பதில்லை. கென்ட் பக்கம் இருப்பவர்களும் லண்டனுக்குத்தான் வர வேண்டும்.

யூரோஸ்டாருக்கு எவ்வளவு முன்னால் போக வேண்டும்?

சாதாரண டிக்கெட்டுக்கு நுழைவாயில், ரயில் கிளம்ப 30 நிமிடம் இருக்கும்போது மூடிவிடும். அந்த 30 என்பது கடைசி எல்லை. அதையே போய்ச் சேரும் நேரமாக வைத்துக்கொண்டு வருபவர்கள்தான் ரயிலைத் தவறவிடுகிறார்கள். நிலையத்துக்கு வரவேண்டிய நேரம் என்று டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குப் போங்கள். பள்ளி விடுமுறை நாட்களில் இன்னும் 15 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. இரு நாட்டு எல்லைச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். செயின்ட் பாங்க்ரஸில் பிரெஞ்சு எல்லைக் காவலர்களே உட்கார்ந்திருப்பார்கள். கார் து நோரில் பிரித்தானிய அதிகாரிகள். அந்தப் பக்கம் இறங்கியதும் நேரே தெருவுக்கு வந்துவிடலாம். விமானத்தில் பாஸ்போர்ட் வரிசை இறங்கியபின் வருகிறது, அதன் நீளத்தை முன்கூட்டியே அறிய முடியாது. ரயிலில் வரிசையைத் தாண்டிவிட்டால் மீதி நேரம் உறுதி.

சார்ல் து கோலிலிருந்து பாரிசுக்குள் போக எது நல்ல வழி?

ஆர்.இ.ஆர். பி. கார் து நோர் வரை வழியில் நிற்காத ரயில் சுமார் 25 நிமிடம், எல்லா நிலையத்திலும் நிற்பது 35 நிமிடம். 2025இல் விமான நிலைய டிக்கெட் 13 யூரோ. சாதாரண மெட்ரோ டிக்கெட்டை வைத்துக்கொண்டு இந்த வழியில் ஏறினால் வெளியே வரும் தானியங்கிக் கதவு திறக்காது, பிடிபட்டால் அபராதமும் உண்டு. இரவிலும் வார இறுதியிலும் பராமரிப்பு வேலைக்காக இந்த வழியை மூடுவது வழக்கம்; அன்று பஸ் விடுவார்கள், நேரம் இரட்டிப்பாகும். இரவு 9 மணிக்கு மேல் இறங்குகிறீர்கள் என்றால் கட்டாயம் பார்த்துவிட்டுப் போங்கள்.

டாக்சிக்கு மீட்டர் கிடையாது, நிலையான கட்டணம். 2025இல் சேன் ஆற்றின் வடகரைக்கு 56 யூரோ, தென்கரைக்கு 65 யூரோ. லாச்சப்பல், கார் து நோர் எல்லாம் வடகரை. முனையத்துக்குள்ளேயே வந்து “டாக்சி, டாக்சி” என்று அழைப்பவர்களுடன் போக வேண்டாம். வெளியே முறையான வரிசை இருக்கிறது. நான்கு பேர் பெட்டிகளோடு போனால் டாக்சிக்கும் ரயிலுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஓர்லியில் இறங்கினால் 2024 ஜூன் முதல் மெட்ரோ 14ஆம் வழி நேராக அங்கிருந்தே ஓடுகிறது. நகர நடுவில் உள்ள ஷாத்லே வரை 25 நிமிடம் அளவில்.

பாஸ்போர்ட், விசா: யாருக்கு என்ன வேண்டும்?

தூரம் குறைவு என்பதால் உள்ளூர்ப் பயணம் போல நினைத்துவிடுகிறார்கள். தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் பிரிட்டன் எப்போதும் இருந்ததில்லை; இப்போது ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை. முழு எல்லைச் சோதனை உண்டு.

பிரித்தானிய பாஸ்போர்ட்: பிரான்சுக்குள் நுழையும் நாளில் அது வழங்கப்பட்டு 10 ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது, திரும்பும் நாளுக்குப் பின் 3 மாதமாவது செல்ல வேண்டும். இவை இரண்டும் தனித்தனி விதிகள். பழைய பாஸ்போர்ட்டில் மிச்சமிருந்த மாதங்களைப் புதியதில் சேர்த்துக் கொடுத்த காலம் ஒன்று உண்டு. அப்படிப்பட்டவற்றில் முடிவுத் தேதி இன்னும் வராமலே 10 ஆண்டு முடிந்திருக்கும். கவுண்டரில் திருப்பி அனுப்பப்படுவது இவர்கள்தான். வழங்கிய தேதியைப் பாருங்கள். எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது.

2025 அக்டோபர் 12 முதல் ஈ.ஈ.எஸ். என்ற புதிய பதிவு முறை படிப்படியாக வந்தது. ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்கள் முதல்முறை போகும்போது முகப்படமும் விரல் ரேகையும் கொடுக்க வேண்டும். 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ரேகை கிடையாது. பதிவு மூன்று ஆண்டு செல்லும். முதல்முறைப் பதிவுக்குக் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுடன் பிரிட்டனில் வசிப்பவர்கள்: நிரந்தர வதிவிட உரிமை இருந்தாலும் பிரான்சுக்கு ஷெங்கன் விசா வேண்டும். “லண்டன் விசா இருக்கிறதே” என்பது எல்லையில் செல்லாது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது. சந்திப்பு நேரம் கிடைப்பதே கடினம் என்பதால் கோடைப் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே தொடங்குவது நல்லது. ஆகஸ்ட் கடைசி வாரத்தையொட்டி லாச்சப்பல் மாணிக்க விநாயகர் ஆலயத் தேருக்குப் போக நினைப்பவர்கள் மே மாதமே இதைப் பார்த்துவிட வேண்டும்.

பிரான்சில் வசிப்பவர்கள் லண்டன் வர: பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தால் விசா வேண்டாம், ஆனால் 2025 ஏப்ரல் முதல் இ.டி.ஏ. என்ற முன் அனுமதி எடுக்க வேண்டும். அது 2 ஆண்டு செல்லும். அடையாள அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு வர முடியாது. 2021 அக்டோபர் முதல் பாஸ்போர்ட் கட்டாயம். பிரெஞ்சு வதிவிட அட்டையும் இலங்கை அல்லது இந்திய பாஸ்போர்ட்டும் வைத்திருப்பவர்களுக்கு இ.டி.ஏ. பொருந்தாது, அவர்கள் முறையான விசா எடுக்க வேண்டும். ஒரே குடும்பத்தில் பிள்ளைகள் பிரெஞ்சுக்காரர், பெற்றோர் இலங்கையர் என்று இருப்பது சாதாரணம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

சாப்பாட்டுப் பொருள் என்னவெல்லாம் கொண்டுபோகலாம்?

பிரிட்டனிலிருந்து பிரான்சுக்கு இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகக் கூடாது. ஆட்டிறைச்சிக் கறி, பொரித்த கோழி, தயிர், நெய், பன்னீர், பால்கோவா எல்லாம் இதில் அடங்கும். சமைத்தது, வீட்டில் செய்தது என்பதால் விலக்கு இல்லை. மீன், கருவாடு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி.

பலரும் அறியாதது இலைகள் பற்றியது. கறிவேப்பிலை, வெற்றிலை, முருங்கைக்காய் போன்ற பச்சைத் தாவரப் பொருள் எதற்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாமல் அனுமதிக்கப்படும் பழங்கள் ஐந்தே: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, துரியன். பூசைத் தட்டுக்குத் தேங்காயும் வாழைப்பழமும் கொண்டுபோகலாம். வெற்றிலையை லாச்சப்பலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எதிர்த்திசையிலும் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஐரோப்பாவில் பரவிய கால்நடைக் கோமாரி நோய் காரணமாக, 2025 ஏப்ரல் 12 முதல் மாடு, ஆடு, பன்றி இறைச்சியையும் பால் பொருட்களையும் அங்கிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுவரத் தடை. பிரான்சில் வாங்கிய பாலாடைக்கட்டி, கடையில் கட்டிக் கொடுத்த மட்டன் ரோல் இரண்டும் இதில் வரும்.

அரிசி மாவு, மிளகாய்த்தூள், அப்பளம், காய்கறி ஊறுகாய், முறுக்கு ஆகியவற்றுக்கு எந்தப் பக்கமும் தடை இல்லை.

பெட்டி அளவு?

யூரோஸ்டாரில் பெரியவர் ஒருவருக்கு 85 செ.மீ. நீளம் வரை இரண்டு பெட்டி, கூட ஒரு கைப்பை. எடை பார்ப்பதில்லை, ஆனால் நீங்களே தூக்கி ஏற்ற வேண்டும். 100 மி.லி. திரவ விதியும் இல்லை. விமானத்தில் மலிவு டிக்கெட் என்றால் இருக்கைக்குக் கீழே வைக்கும் சிறு பை மட்டுமே இலவசம். ஈஸிஜெட்டில் அதன் அளவு 45 × 36 × 20 செ.மீ. விமானப் பாதுகாப்புச் சோதனையில் ஊறுகாய், நல்லெண்ணெய், தேன் எல்லாம் திரவக் கணக்கில்தான் சேரும். சில நிலையங்கள் புதிய ஸ்கேனர் வைத்து விதியைத் தளர்த்தியிருக்கின்றன. போகும் நிலையத்தில் விட்டது திரும்பும் நிலையத்தில் பிடிபடலாம். கைப்பையில் 100 மி.லி. பாட்டில் என்றே கட்டுங்கள்.

தாமதமானால் பணம் கிடைக்குமா?

1,500 கி.மீ.க்கும் குறைந்த வழி என்பதால், விமானம் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் லண்டனிலிருந்து கிளம்பியதற்கு 220 பவுண்ட், பாரிசிலிருந்து கிளம்பியதற்கு 250 யூரோ. டிக்கெட் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்தத் தொகை மாறாது. சேர்ந்த நேரம் என்பது கதவு திறக்கும் நேரம். சக்கரம் தரை தொட்ட நேரம் இல்லை. விமானத்தின் இயந்திரக் கோளாறு பெரும்பாலும் நிறுவனத்தின் பொறுப்பு. மோசமான வானிலைக்கும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தத்துக்கும் இழப்பீடு கிடையாது. பிரான்சில் இரண்டாவது அடிக்கடி வரும். ஆனால் காரணம் எதுவானாலும் 2 மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்தால் சாப்பாடு தர வேண்டும். கேட்டு வாங்குங்கள், தராவிட்டால் ரசீதை வைத்துக்கொண்டு பிறகு கேளுங்கள்.

எது அதிகம் நின்றுபோகிறது, விமானமா ரயிலா?

இரண்டும் நிற்கும். 2025 மார்ச் 7 அன்று கார் து நோர் அருகே இரண்டாம் உலகப்போர்க் குண்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டு யூரோஸ்டார் முழு நாளும் ஓடவில்லை. இரண்டே வாரத்தில், மார்ச் 21 அன்று, மின் துணைநிலையத் தீயால் ஹீத்ரோ மூடப்பட்டது. ரயில் நின்றால் மாற்று வழி குறைவு. ஒரே சுரங்கம், ஒரே பாதை. விமானத்துக்கு வேறு நிலையங்கள் இருக்கின்றன, ஆனால் அன்று விலை பல மடங்காகிவிடும். திருமணம், மரணச் சடங்கு போலத் தவறவிடவே முடியாத பயணமென்றால் எதில் போனாலும் நாளின் முதல் வண்டியைப் பிடியுங்கள்.

பிரான்சு குறுந்தூர விமானங்களைத் தடை செய்துவிட்டதாமே?

2023இல் வந்த அந்தத் தடை உள்நாட்டு வழிகளுக்கு மட்டும்: ஓர்லியிலிருந்து நாந்த், லியோன், போர்தோ. லண்டன் வழிக்கு அது பொருந்தாது.

காரில், பஸ்ஸில்?

காரில் சுமார் 460 கி.மீ. எம்20 சாலையில் ஃபோக்ஸ்டன், அங்கே காரோடு ரயிலில் ஏறி 35 நிமிடத்தில் கலே, பிறகு ஏ26, ஏ1 வழியாகப் பாரிஸ். டோவரில் கப்பல் என்றால் கடலில் 90 நிமிடம். எல்லாம் சேர்த்து ஆறு முதல் ஏழு மணி நேரம். ஐந்து பேர் குடும்பம், நிறையச் சாமான் என்றால் செலவில் இதுதான் இலாபம். பஸ் விக்டோரியா கோச் நிலையத்திலிருந்து 8 முதல் 10 மணி நேரம். இரவு பஸ்ஸில் எல்லையில் நடுச்சாமத்தில் எழுப்பி இறக்குவார்கள், சிறு பிள்ளைகளோடு வேண்டாம்.

காலையில் போய் இரவே திரும்ப முடியுமா?

ரயிலில் தாராளமாக. முதல் ரயில் காலை 6 மணி அளவில் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து, கடைசி ரயில் இரவு 9 மணி அளவில் கார் து நோரிலிருந்து. ஊருக்குள் பத்து மணி நேரம் அளவில் கிடைக்கும். விமானத்தில் அந்த நேரம் ஐந்து ஆறாகச் சுருங்கிவிடும்.

பாரிசிலிருந்து லண்டன் வந்து அங்கே சென்னை அல்லது கொழும்பு விமானம் பிடிக்கலாமா?

ஒரே டிக்கெட் என்றால் பெட்டி நேராகப் போய்விடும். முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் வேலை. தனித்தனி டிக்கெட் என்றால் லண்டனில் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். அதாவது நாட்டுக்குள் நுழைய வேண்டும், அதற்கு உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்து விசாவோ இ.டி.ஏ.வோ வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாரும் பணம் தரமாட்டார்கள். தனி டிக்கெட்டில் ஒரே நிலையமானால் குறைந்தது 4 மணி நேரம், கேட்விக்கில் இறங்கி ஹீத்ரோவில் ஏறுவதானால் 6 மணி நேரம் இடைவெளி விடுங்கள். யூரோஸ்டாரில் வந்து ஹீத்ரோ போவதானாலும் அதே 6 மணி நேரம் வையுங்கள். கிங்ஸ் கிராஸிலிருந்து பிக்காடிலி லைன் மாறாமல் ஹீத்ரோ போகும், ஆனால் ஒரு மணி நேரம் பிடிக்கும். பெரிய பெட்டியோடு மாலை 5 மணிக்கு அதில் ஏறுவது பெரும்பாடு. ஃபாரிங்டன் போய் எலிசபெத் லைன் பிடிப்பது நல்லது.